வட்ட எழுத்துக் காகிதம்

அறுபதுகளின் நடுவில் நாங்கள் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு ஐந்து முடிந்து ஆறு. அப்பா, அம்மா, நாங்கள் இருவர், ஒரு தகரப் பெட்டி. பர்மாவிலிருந்து வந்திருந்தோம்.

அந்த நாட்களில் பர்மாவிலிருந்து ஏராளமான தமிழர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் கப்பலில் வந்து சென்னையில் இறங்கினார்கள். அவர்கள் கையில் போட்டோ ஒட்டிய கார்டு ஒன்று இருக்கும். அதைக் காட்டினால் முகாமில் இடம், அரிசி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் கிடைக்கும். எங்களிடம் அந்தக் கார்டு இல்லை. நாங்கள் நடந்து வந்தவர்கள்.

காரணம் அம்மா. அம்மா பர்மாக்காரி. அப்பா காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் பக்கத்தில் பிறந்து, மீசை முளைக்கும் வயதில் பர்மா போய், ஓர் அரிசி ஆலைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். கப்பலுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த மேஜையில், "உன்னை எழுதிக்கலாம், பிள்ளைங்களைப் பத்தி யோசிக்கணும், பொண்டாட்டியை எழுத முடியாது" என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிட்டார். பிறகு மலை, காடு, மணிப்பூர் எல்லை, அதற்கப்புறம் முடியவே முடியாத ரயில். அந்த நடையில் எனக்கு ஞாபகம் இருப்பது அட்டைப்பூச்சியும் தம்பியும்தான். ஒவ்வொரு மலை ஏறி இறங்கும்போதும் அவன் "இதுவா காஞ்சிபுரம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். கடைசியில் நிஜமான காஞ்சிபுரம் வந்தபோது தூங்கிவிட்டான்.

அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் அத்தை, நெசவாளர் தெரு ஒன்றில் இருந்தாள். அவள் வீட்டுப் பின்கட்டில் எங்களுக்கு இடம் கொடுத்தாள். அப்பாவைப் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். அம்மாவுக்குப் புடவை கட்டிவிட்டு இரண்டு உத்தரவுகள் போட்டாள். ஒன்று, கொசுவத்தை விட்டுவிடாமல் நடக்க வேண்டும். இரண்டு, யார் கேட்டாலும் தெலுங்குக்காரி என்று சொல்ல வேண்டும்.

"போலீஸுக்குத் தெரிஞ்சா உன்னைத் திருப்பி அனுப்பிடுவாங்கமா. இந்தத் தெருவுல பாதிப் பேர் தெலுங்குதான். நீயும் ஒண்ணா கலந்துடு."

அம்மா கலந்துவிட்டாள். அவள் பேசும் தமிழைக் கேட்ட தமிழர்கள் அவளைத் தெலுங்குக்காரி என்று நம்பினார்கள். அவள் தெலுங்கு பேசாததைப் பார்த்த தெலுங்குக்காரர்கள் அவளைக் கன்னடக்காரி என்று நம்பினார்கள். கன்னடக்காரர் யாரும் எங்கள் தெருவில் இல்லாததால் விஷயம் அதோடு நின்றது. கன்னத்தில் அவள் பூசிக்கொள்ளும் மரப்பட்டைக் குழம்பைச் சந்தனம் என்று நினைத்துப் பக்திமான் என்றும் பெயர் கிடைத்தது. பார்க்கிற எல்லோரையும் அவள் "நீங்க" என்றுதான் கூப்பிடுவாள். அத்தை வீட்டுக் கோழியைக்கூட "நீங்க போங்க" என்றுதான் விரட்டுவாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. அப்பா எங்கள் இருவரையும் நகராட்சிப் பள்ளிக்கு அழைத்துப் போனார்.

தலைமையாசிரியர் ஒல்லியான மனிதர். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம் எழுதும் பென்சிலைக் காதில் செருகியிருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் ரூல்ஸுக்குப் பயந்தவர். ரூல்ஸ் என்ற சொல்லைச் சொல்லும்போது லேசாக எழுந்து உட்காருவார், பெரியவர் யாரோ உள்ளே வந்துவிட்டதுபோல.

"பிறந்த சர்ட்டிபிகேட் இருக்குதா?"

"இல்லீங்க."

"கப்பல் கார்டு?"

"நாங்க கப்பல்ல வரலீங்க."

"அப்ப எதுல வந்தீங்க?"

"கால்லதாங்க."

அவர் அப்பாவின் காலைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்து, "டேய், வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொடு" என்றார். அந்தக் காலத்தில் வயதுக்கு அதுதான் அத்தாட்சி. கை எட்டினால் ஒன்றாம் வகுப்பு. தம்பி காதைப் பிடித்தான், பிடித்தவன் விடவில்லை. விடச் சொல்லும்வரை அப்படியே நின்றான்.

"இவனைப் போட்டுடலாம். அப்பன் வாய்மொழி போதும். பொண்ணு?"

நானும் தொட்டேன். என் கை காதைத் தாண்டிக் கழுத்துக்கே போய்விட்டது.

"இவளுக்கு நாலாம் கிளாஸ் வயசு. ஆனா நாலாவதுல போடணும்னா டி.சி. வேணும்பா. இல்லாட்டி ஒண்ணாம் கிளாஸ்தான். ரூல்ஸ்." லேசாக எழுந்து உட்கார்ந்தார்.

நான் பர்மியப் பள்ளியில் மூன்று வருஷம் படித்தவள். பெருக்கல், வகுத்தல் தெரியும். பர்மிய எழுத்து நன்றாகத் தெரியும். தமிழ் எழுத்து, அரிசி ஆலையில் இருந்த தமிழ்க் கணக்குப்பிள்ளை மணலில் எழுதிக் காட்டிய அளவுக்குத் தெரியும். தம்பியோடு உட்கார்ந்து 'அ' போடுவதை நினைத்தபோதே எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்பா அதைப் பார்த்தார்.

"டி.சி. இருக்குதுங்க சார். நாளைக்கு எடுத்துக்கினு வர்றேன்" என்றார்.

எனக்குத் தெரிந்து எங்களிடம் டி.சி. இல்லை. நாங்கள் கிளம்பியது யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல். அதில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சான்றிதழ் கேட்க ஏது நேரம்? ஆனால் வீட்டுக்கு வந்ததும் அப்பா தகரப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். பழுப்பு நிறம். மேலே மயில் முத்திரை, கீழே ஊதா மையில் ஒரு கையெழுத்து. நடுவில் வட்ட வட்டமாகப் பர்மிய எழுத்து. அப்பாவுக்குப் பர்மிய மொழி பேசத் தெரியும், படிக்கத் தெரியாது.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது நுவா காகிதம்" என்றாள். நுவா என்றால் பர்மியத்தில் மாடு.

நானும் படித்துப் பார்த்தேன். அம்மா சொன்னது சரிதான். அது எங்கள் வண்டிக் காளைக்கு மாட்டு டாக்டர் ஊசி போட்டுக் கொடுத்த சான்றிதழ்.

"முத்திரை இருக்குது இல்ல? கையெழுத்து இருக்குது இல்ல?" என்றார் அப்பா. "இந்த ஊர்ல யார் இதைப் படிக்கப் போறாங்க?"

"இவ மாடு இல்ல" என்றாள் அம்மா.

"மாடுன்னு யார் சொன்னா? நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லாத. இவளும் சொல்ல மாட்டா."

நான் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். நாலாம் வகுப்புக்காக நான் எதை வேண்டுமானாலும் சொல்லாமல் இருக்கத் தயாராக இருந்தேன்.

மறுநாள் தலைமையாசிரியர் காகிதத்தை நேராகப் பிடித்துப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "கோயில் சுவத்துல இருக்கற எழுத்து மாதிரி இருக்குதே" என்றார். பிறகு முகம் மலர்ந்து, "இது தெலுங்கு இல்ல?" என்றார்.

அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை அசைத்தார். அது எந்தப் பக்கம் அசைந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பியூன் போய் எங்கள் எதிர்வீட்டுக்காரரை அழைத்து வந்தார். அவர் தெலுங்கு பேசும் பட்டு நெசவாளி. நாங்கள் அவரை மாமா என்போம். நல்ல உயரம், நல்ல குரல். தெருவில் எந்தச் சண்டை நடந்தாலும் தறியை விட்டு இறங்கி வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார். தலைமையாசிரியர் அவருக்கு நாற்காலி போட்டார். பள்ளிக்கூடத்தில் நாற்காலி கிடைத்த பெருமையில் அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காகிதத்தை வாங்கினார்.

வெகுநேரம் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"தெலுங்குதானே?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

"தெலுங்குதான் சார். கொஞ்சம் பழைய தெலுங்கு."

"படிங்க."

மாமா என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு காகிதத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, அவர் தீர்ப்புச் சொல்லும் குரலில் படிக்க ஆரம்பித்தார்.

"இந்தப் பொண்ணு... மூணாங் கிளாஸ் பாஸ் பண்ணிக்கீது. வயசு ஒம்பது. கணக்குல கெட்டி. ஒழுக்கம் நல்லது. அடக்கமான பொண்ணு. யாரையும் எதிர்த்துப் பேசாது."

நான் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் விரல் போன இடமெல்லாம் என் கண்ணும் போயிற்று. 'நிறம் செவலை' என்ற இடத்தில் அவர் "கணக்குல கெட்டி" என்றார். 'வலது காதில் பிளவு' என்ற இடத்தில் "ஒழுக்கம் நல்லது" என்றார். எனக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு ஏறிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். என்ன வேடிக்கை என்றால், காளையின் வயதும் ஒன்பதுதான். கடைசி வரியில் 'சாதுவான குணம், முட்டாது' என்றே எழுதியிருந்தது.

தலைமையாசிரியருக்கு ஒரே ஒரு சந்தேகம் வந்தது. "பர்மாவுல எதுக்குத் தெலுங்குல எழுதினாங்க?"

மாமா அசரவில்லை.

"அங்க எங்காளுங்க நிறையப் பேர் இருக்கறாங்க சார். ஹெட்மாஸ்டரே எங்காளா இருக்கும்."

"ஆமாங்க, ஆமாங்க" என்றார் அப்பா.

தலைமையாசிரியர் பென்சிலின் சிவப்புப் பக்கத்தால் காகிதத்தின் ஓரத்தில், 'படிக்கக் கேட்டேன். சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் நாலாம் வகுப்பில் சேர்ந்தேன்.

வெளியே வந்ததும் மாமா அப்பாவின் தோளைப் பிடித்தார். "தம்முடு, எனக்கு என் பேரைத் தவிர வேற எழுத்துத் தெரியாது. நாற்காலி போட்டுட்டாங்க, எப்படி இல்லன்னு சொல்றது? பிட்ட முகத்தைப் பார்த்தேன், பாவம் சின்னப் பொண்ணு, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். தப்பா எதுனா சொல்லிட்டனா?"

"எல்லாம் சரியா சொன்னீங்க" என்றார் அப்பா.

பிறகு மூன்று மாதம் நான் சந்தோஷமாகப் படித்தேன். சந்தோஷம் என்றால் முழுச் சந்தோஷம் இல்லை. கணக்கு வகுப்பில் எனக்குப் பயம் கிடையாது. தமிழ் வகுப்பில் என் எழுத்தெல்லாம் தன்னால் வளைந்துகொள்ளும். 'க' போட்டால்கூட ஒரு மூலை இருக்காது, உருண்டுவிடும். பின்வரிசைப் பிள்ளைகள் எனக்கு ஜிலேபி என்று பெயர் வைத்தார்கள். ஜிலேபி பிடிக்கும் என்பதால் நான் சண்டை போடவில்லை. டீச்சர்தான் ஒவ்வொரு நாளும் என் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நீ எழுதறியா, கோலம் போடறியாமா?" என்று பெருமூச்சு விடுவார்.

மழைக்கு முன்னால் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். உலக உருண்டையைக் கழுவி வெயிலில் காயவைத்தார்கள். காயும்போது ஒரு கண்டத்தின் பாதி உரிந்து வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்றார்கள். ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடங்களைப் பார்வையிட வருகிறவர்.

அவர் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். கறுப்புக் கோட்டு, பருத்த உடம்பு, நெற்றியில் வியர்வை. வகுப்பு வகுப்பாகப் போய்ப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து ரிஜிஸ்டர்களைப் புரட்டினார். கொஞ்ச நேரத்தில் பியூன் எங்கள் வகுப்புக்கு ஓடிவந்து, "அந்த ஜிலேபிப் பொண்ணை வரச் சொல்றாங்க" என்றார்.

நான் போனபோது இன்ஸ்பெக்டர் கையில் என் காகிதம் இருந்தது. அவர் தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. தலைமையாசிரியர் அவருக்கு ஏதோ உடம்புக்கு வந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்போடு நின்றார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, பர்மிய மொழியில், "தமீ, வலது காதைக் காட்டு" என்றார்.

தமீ என்றால் மகளே என்று அர்த்தம். காஞ்சிபுரத்தில் எங்கள் பின்கட்டைத் தவிர வேறு எங்கும் நான் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. திரும்பி நின்று வலது காதைக் காட்டினேன்.

"பிளவு இல்லையே" என்றார் அவர், அதே மொழியில்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. மாட்டிக்கொண்டோம், அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அப்போதுதான் புத்தியில் பட்டது.

"என்ன சார் விஷயம்?" என்றார் தலைமையாசிரியர்.

"ஒண்ணும் இல்ல. நீங்க ஒரு காளை மாட்டை நாலாம் கிளாஸ்ல சேத்திருக்கீங்க."

"காளையா சார்?"

"செவலைக் காளை. ஒம்பது வயசு. முட்டாதாம்."

தலைமையாசிரியர் செம்பை மேஜையில் வைத்தார். வைத்துவிட்டு, அதிலிருந்த தண்ணீரைத் தானே குடித்தார். "நான் 'சரி'ன்னு எழுதிட்டேனே சார்" என்றார் மெல்லிய குரலில்.

இன்ஸ்பெக்டர் ரங்கூனில் பிறந்தவராம். யுத்த காலத்தில், பன்னிரண்டு வயதில், குடும்பத்தோடு அதே மாதிரி மலை வழியாக நடந்து வந்தவராம். ஊருக்கு வந்த பிறகு சர்ட்டிபிகேட் இல்லை என்று இரண்டு வருஷம் எந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துக்கொள்ளவில்லையாம். இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை. தலைமையாசிரியரிடம்தான் சொன்னார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. அப்போது சிரிக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மாவையும் அப்பாவையும் வரச் சொல்லணும். பயப்படாத" என்றார். பியூன் கிளம்பினார்.

பியூன் போன இடத்தில் நடந்தது அப்புறம் எனக்கு அம்மா சொன்னது. அவர் சாயப் பட்டறை வாசலில் நின்று, "யோவ், இன்ஸ்பெக்டர் வந்துக்கீறாரு. உன் சம்சாரத்தைக் கூட்டினு வரச் சொல்றாரு!" என்று கத்தியிருக்கிறார். எந்த இன்ஸ்பெக்டர் என்று அவர் சொல்லவில்லை, அப்பா கேட்கவும் இல்லை. கையில் இருந்த பட்டு நூல் கழியைச் சாயத்தொட்டியிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து, அம்மாவை இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குள் நுழைந்தார்.

"மாமா, போலீஸ் வந்துடுச்சு!"

மாமா தறியில் உட்கார்ந்திருந்தார். நெசவாளி காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்காகத் தறிக்குக் கீழே ஒரு குழி இருக்கும். மாமா யோசிக்கவே இல்லை. எழுந்து, அம்மாவை அந்தக் குழிக்குள் இறக்கிவிட்டார். மாமாவின் மனைவி மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினாள். மாமா குழி ஓரத்தில் கால் மடக்கி உட்கார்ந்து நெய்வதுபோலப் பாவனை செய்தார்.

அம்மா குழிக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பிள்ளைங்க எங்க?"

"பள்ளிக்கூடத்துல" என்றார் அப்பா.

"இன்ஸ்பெக்டர் எங்க?"

அப்பா வாசலில் நின்ற பியூனைக் கேட்டுவிட்டு வந்து, "அவரும் பள்ளிக்கூடத்துலதான்" என்றார்.

அம்மா போர்வையைத் தள்ளிவிட்டு ஏறி வந்துவிட்டாள். "அங்க பிள்ளைங்க இருக்குது. நான் இங்க குழியில இருக்கறதா?" என்று கேட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாள். அப்பா தடுத்துப் பார்த்தார். அவள் அப்போதும் கோபமாக, "நீங்க போங்க" என்றாளாம், கோழியிடம் சொல்கிற அதே சொல்.

தலைமையாசிரியர் அறைக்குள் அவள் வந்த கோலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. தலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகப் பட்டு நூல் துணுக்கு. புடவையில் குழி மண். கொசுவம் முழுக்கக் கையில் வந்திருந்தது. பின்னால் அப்பா, முழங்கை வரை அரக்குச் சாயத்தோடு. அவருக்குப் பின்னால், அழைக்காமலே, மாமா. மாமாவைப் பார்த்ததும் தலைமையாசிரியர், "பழைய தெலுங்கு, இல்ல?" என்றார். மாமா மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று அம்மாவிடம் பர்மியத்தில் பேசினார். ஆறு மாதமாகத் தெலுங்குக்காரியாக இருந்தவள். அவள் வாய் திறந்து பதில் சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. மழை மாதிரி கொட்டினாள். நடந்து வந்தது, கப்பல் மேஜையில் சொன்னது, புடவை, தெலுங்கு, குழி, எல்லாம். இன்ஸ்பெக்டர் நடுநடுவே தலையாட்டினார். தலைமையாசிரியர் டென்னிஸ் ஆட்டம் பார்ப்பவர்போல இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா மட்டும் அரைகுறை மூச்சோடு, "சார், அவளை அனுப்பிடாதீங்க சார். மாட்டுக் காகிதம் குடுத்தது நான்தான்" என்றார்.

"நான் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்பா. போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்ல. உன் சம்சாரம் எந்த ஊருன்னு கேக்கறது என் வேலை இல்ல. இந்தப் பொண்ணுக்கு வகுத்தல் தெரியுமான்னு கேக்கறதுதான் என் வேலை."

கேட்டார். கரும்பலகையில் பெரிய வகுத்தல் கணக்கு ஒன்றைப் போட்டார். நான் போட்டு முடித்தேன். மீதி வந்தது, அதையும் எழுதினேன். இன்னொன்று, அதைவிடப் பெரியது. அதுவும் சரி. தலைமையாசிரியர் தானே போட்டதுபோல நிமிர்ந்தார்.

"இப்ப தமிழ். நான் சொல்றதை எழுது. 'வாழைப்பழம் பழுத்துக் கீழே விழுந்தது.'"

நான் பயபக்தியோடு எழுதினேன். தெருவில் எப்படிக் காதில் விழுந்ததோ அப்படியே எழுதினேன்: 'வாயப்பயம் பயுத்துக் கீய வியுந்தது.'

இன்ஸ்பெக்டர் கரும்பலகைக்கு அருகே போய் ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். அவருடைய தோள் மறுபடி குலுங்க ஆரம்பித்தது.

"ஹெட்மாஸ்டர், இது காஞ்சிபுரத்துப் பிள்ளைதான். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், எதற்கு என்று தெரியாமல். நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அந்த வாக்கியத்தில் தப்பு எங்கே என்று நிஜமாகவே தெரியவில்லை.

அவர் மேஜை மேல் இருந்த ரூல்ஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க வருகைப் பதிவேடுகளின் மேல் வைத்திருந்த தடிமனான புத்தகம். சில பக்கங்கள் இன்னும் வெட்டப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் பேனாக் கத்தியால் ஒரு பக்கத்தைப் பிரித்து விரலால் காட்டினார். சான்றிதழ் இல்லாத பிள்ளைக்குத் தலைமையாசிரியரே பரீட்சை வைத்து, பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, தகுந்த வகுப்பில் சேர்க்கலாம் என்று அதில் இருந்தது. தலைமையாசிரியர் இரண்டு முறை படித்தார்.

"இது இத்தினி நாளா இங்கதான் இருந்துதா?" என்றார்.

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அதற்கு முன் எத்தனை பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியில் முடிவானது இதுதான்: நான் நாலாம் வகுப்பிலேயே இருக்க வேண்டும், தினமும் ஒரு மணி நேரம் தமிழுக்கு மட்டும் ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார வேண்டும். அப்பாவுக்கு இது வெற்றி. எனக்குப் பாதி வெற்றி, பாதி அவமானம்.

பெற்றோர் எழுதித் தர வேண்டிய காகிதத்தில் பிறந்த தேதி என்று ஓர் இடம் இருந்தது. அம்மா, நான் பிறந்தது வியாழக்கிழமை, அன்று முழு நிலா, ஆற்றில் வெள்ளம் என்றாள். தலைமையாசிரியர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு 'ஜூன் 1' என்று எழுதினார். அந்தப் பள்ளிக்கூடத்தில் முக்கால்வாசிப் பேர் பிறந்தது அன்றுதான். பிறகு கைநாட்டுக்காக மைப்பெட்டியைத் திறந்து அம்மா பக்கம் நகர்த்தினார். அம்மா அதைப் பார்த்தாள். கையை நீட்டி, அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றி, வட்டம் வட்டமாக, அவசரமே இல்லாமல் தன் பெயரை எழுதினாள். ஒரு சித்திரம்போல இருந்தது. அதற்குக் கீழே அப்பா கைநாட்டு வைத்தார். சாயம் ஏற்கெனவே இருந்ததால் அவருக்கு மை தேவைப்படவில்லை.

கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் ஒன்று கேட்டார். "உங்க மாதிரிக் காகிதம் இல்லாம வந்தவங்க இன்னும் யாராவது இருக்காங்களா?"

அப்பா வேகமாக, "யாரும் இல்லீங்க" என்றார்.

"வேகவதி ஆத்தோரம் நாலு குடிசை" என்றாள் அம்மா. "எட்டு பிள்ளைங்க. யாரும் பள்ளிக்கூடம் போகல. பயம்."

இன்ஸ்பெக்டர் தலைமையாசிரியரைப் பார்த்தார். மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் தலைமையாசிரியர் குடையை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் போனார். மொழி பேச அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார். குடிசைக்காரர்கள் குடை பிடித்த மனிதரைக் கண்டதும் அதிகாரி என்று நினைத்துப் பிள்ளைகளோடு புதருக்குள் ஒளிந்துகொண்டார்களாம். அம்மா வெளியில் நின்று பர்மியத்தில் நன்றாகத் திட்டிய பிறகுதான் ஒவ்வொருவராக வந்தார்கள். அந்த வாரமே ஆறு பேர் சேர்ந்தார்கள். மீதி இரண்டு பேர் தொட்டில் பிள்ளைகள்.

அம்மாவுக்கென்று ஒரு காகிதம் கிடைக்க இன்னும் பல வருஷம் ஆயிற்று. ஆபீஸ் ஆபீஸாக அலைந்த கதை அது. அவ்வளவு சிரிப்பான கதையும் இல்லை. அதுவரை தெருவில் போலீஸ்காரர் சைக்கிள் மணி அடித்தால் அப்பா கையில் இருப்பதைக் கீழே போட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பள்ளிக்கூட வாசல்படியை மட்டும் நாங்கள் பயமில்லாமல் மிதித்தோம்.

மாமாவைத் தெருவில் யாரும் சும்மா விடவில்லை. பையன்கள் ஏதாவது துண்டுக் காகிதம் கிடைத்தால் அவரிடம் கொண்டுபோய், "மாமா, இது பழைய தெலுங்கா பாருங்க" என்பார்கள். அவரும் சளைக்காமல் வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்து, கொண்டுவந்தவனைப் பற்றியே நாலு வரி படித்துக் காட்டுவார். அவன் முகம் போன போக்கைப் பார்க்கத் தெருவே கூடும்.

ஒன்றாம் வகுப்பில் தம்பி எனக்குச் சீனியர் ஆகிவிட்டான். நான் உள்ளே நுழைந்ததும், "இங்க உக்காரு. சிலேட்டு கொண்ணாந்தியா? பேசக் கூடாது" என்பான். 'ழ' போடுவது எப்படி என்று தன் சிலேட்டில் பெரிதாகப் போட்டுக் காட்டுவான். அவனுக்கும் அதைச் சொல்ல வராது. எழுத மட்டும் வரும்.

ஆற்றோரத்துப் பிள்ளைகளில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பரீட்சை வைத்து அவளையும் நாலாம் வகுப்பில் போட்டார்கள். டீச்சர் அவளை எனக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். முதல் நாள் அவள் வாயே திறக்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, பர்மியத்தில் மெதுவாக, "இந்த டீச்சர் ஏன் எப்பப் பார்த்தாலும் பெருமூச்சு விடுறாங்க?" என்று கேட்டாள். நான் பதில் சொன்னேன். அவள் இன்னொன்று கேட்டாள். அதற்கும் சொன்னேன். சிரித்துவிட்டோம்.

டீச்சர் எங்கள் இருவரையும் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார். மேலே நின்றால் ஜன்னல் வழியாக, நெசவுக்காகத் தெருவில் கட்டி நீட்டிய பாவு நூல் தெரிந்தது, நீளமாக, கிளிப்பச்சை நிறத்தில். நாங்கள் பெஞ்சு மேல் நின்றபடியே, உதட்டை அசைக்காமல், மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.